எட்டு மாதம் தீட்டாத கத்தி

குஷன் அக்காவுக்குக் கோபம் வந்தால் நாற்காலி மெத்தை தைக்கிற அவள் பட்டறையில் தையல் மெஷின்கூடக் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் அந்த மெஷினை ஓட்டுகிற ரேடியோதான். ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர். வயதில் அக்காவைவிட மூத்தவர், ஆனாலும் அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர், தபால்காரர், முனையில் நிற்கிற வாடகை வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்த தம்பி என்று பார்த்தால் ஒரே ஒருத்தன். அவனோடு மட்டும் அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நான் அக்கா கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பூசி மெழுகுகிற ஆட்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அக்கா பதினேழு வயதில் அந்தப் பட்டறைக்கு வந்தவள். முதல் வருஷம் முழுக்க அவளுக்குக் கிடைத்த வேலை தரையில் கிடக்கும் ஸ்பாஞ்சுத் தூளைக் கூட்டுவதுதான். பொம்பளைக்கு ஆணியடிக்க வராது, ரெக்சினை இழுத்துப் பிடிக்கத் தெம்பு இருக்காது என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் வாயாடவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வாயாடினாள். வாயாடிக்கொண்டே பஸ்ஸில் உட்காருகிற சீட்டு, சினிமாக் கொட்டகை நாற்காலி, முடி வெட்டுகிற கடைச் சுழல் நாற்காலி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டக் கற்றுக்கொண்டாள். இன்றைக்குப் பட்டறையே அவள் கையில்தான் இருக்கிறது.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டு தைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் ரெக்சின் மேல் வைத்து மூலைக்கு மூலை மெதுவாக இழுப்பாள். உள்ளே ஸ்பாஞ்சு ஒரு இடத்தில் மடிந்திருந்தால், ஸ்டேப்பிள் பின் ஒன்று பாதி ஏறி நின்றிருந்தால், ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். "பிரி" என்பாள். பிரித்துப் பார்த்தால் அங்கே அது இருக்கும். அக்கா விரல் வைத்து அனுப்பின சீட்டு திரும்பி வந்ததில்லை.

தம்பி கதை வேறு. அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்ளத் தெரியாது. அப்பா இருந்தார், ஆனால் இருந்தும் இல்லாத மாதிரி. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டு, பரீட்சையில் கோட்டைவிட்டபோது முதுகில் ரெண்டு வைத்து, பிறகு அழுகிறவனைச் சமாதானப்படுத்தியது எல்லாம் அக்கா. அவன் கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள் விற்கிற கடை வைத்தபோது கல்லாவுக்கு முன்னால் இருக்கிற மேஜைக்கு மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ஆணிக் கடையில் எப்படியோ கத்தி புகுந்தது. ஒட்டகம் கூடாரத்துக்குள் புகுந்த கணக்காக ஆணியெல்லாம் வெளியே போய்விட்டது, கடை முழுக்கக் கத்தி. மடக்குக் கத்தி, அதுவும் விலை கூடின ஸ்டீலில் செய்தது. தம்பிக்கு ஸ்டீல் பைத்தியம் பிடித்துவிட்டது. எழுத்தும் எண்ணுமாக இருக்கிற ஸ்டீல் பெயர்களைப் பஸ் நம்பர் மாதிரி கடகடவென்று ஒப்பிப்பான். எந்த ஸ்டீலில் எது எவ்வளவு கலந்திருக்கிறது, எது கூர் மங்காது, எது துருப்பிடிக்காது என்று கேட்டால் வாய் ஓயாது. கைப்பிடியைப் பற்றிக் கேளுங்கள், "அதெல்லாம் இருக்குங்க" என்பான், அவ்வளவுதான். அவனைப் போலவே ஒரு கூட்டம் கடையில் வந்து உட்காரும். கூர் பார்க்க முன்கை மயிரைச் சிரைத்துச் சிரைத்து எல்லோருக்கும் இடது கையில் ஒரு வழுக்கைத் திட்டு. தெருவில் போகிற ஆளின் கையைப் பார்த்தே இவர் தம்பி கடை ஆள் என்று சொல்லிவிடலாம். ரேடியோ அவர்களுக்கு வைத்த பேர் இங்கே எழுதும்படி இல்லை.

அந்தத் தம்பிதான் ஒருநாள் பட்டறைக்கு ஓடிவந்து அக்கா கையில் ஒரு கத்தியை வைத்தான்.

"பழசைத் தூக்கிப் போடுக்கா. இதுதான் ஸ்டீல். தீட்டவே வேண்டாம்."

"தீட்டாத கத்தி ஒரு கத்தியா? கதை விடாதேடா."

"ஒரு மாசம் வெச்சுப் பாரு. அப்புறம் பேசு. ஒண்ணே ஒண்ணு, இந்த ஸ்க்ரூவை மட்டும் கழட்டிடாதே. சீல் போட்டிருக்கு. கழட்டினா கேரண்டி போயிடும்."

அக்கா வைத்துப் பார்த்தாள். அவன் சொன்னது பொய் இல்லை. ரெக்சின், கான்வாஸ், சணல் பட்டி, ரப்பர் போட்ட கெட்டித் துணி, எதைக் கொடுத்தாலும் அந்தக் கத்தி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. மாதம் போனது, இன்னொரு மாதமும் போனது, கூர் அப்படியே இருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டு கொண்டுவந்தவர்களிடம் எல்லாம் எடுத்து எடுத்துக் காட்டினாள். "என் தம்பி கடைக் கத்தி" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தம்பி பரீட்சையில் பாஸானபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இங்கேதான் ஒரு விஷயம். அந்தப் பட்டறையில் வாரக் கடைசியில் கத்தி தீட்டுகிற நேரம் என்று ஒன்று உண்டு. எல்லோரும் பழைய காகிதத்தை விரித்துக் கல்லைப் போட்டு உட்காருவார்கள். தீட்டுவதற்கு முன்னால் மடக்குக் கத்தியின் வயிற்றை ஊதிச் சுத்தம் செய்வார்கள், ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பார்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். யாரும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை, தீட்டுவதோடு தானாக நடக்கிற காரியம். அக்காவின் புதுக் கத்திக்குத் தீட்டுதல் இல்லை. அதனால் அந்த நேரத்தில் அவள் நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மகாராணி" என்று ரேடியோ கேலி செய்தார். எட்டு மாதம் அந்தக் கத்தியின் உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்றாலும் சீல் வைத்திருந்தது.

விரித்த கத்தி மடங்காமல் இருக்க உள்ளே ஒரு பூட்டு வேண்டும். அந்தக் கத்தியில் அது ஒரு மெல்லிய தகடு. கத்தியை விரித்ததும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். முட்டுக்கொடுக்கிற மாதிரி. ஸ்பாஞ்சுத் தூளும் பசையும் சேர்ந்து அந்த இடத்தில் அடை அடையாகப் படிந்து, தகடு பாதி தூரம்கூட நகராமல் நுனியில் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது. இதெல்லாம் பின்னால் ரேடியோ கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னது. அதுவரை யாருக்கும் தெரியாது.

எட்டாவது மாதம் ஒருநாள் பட்டறைக்குப் பல் டாக்டரின் நாற்காலி வந்திருந்தது. தலை வைக்கிற இடத்தில் ரெக்சின் பசையோடு ஒட்டிக் கல் மாதிரி இருந்தது. அக்கா கத்தி முனையை உள்ளே குத்தி நெம்பினாள். கத்தியின் முதுகில் பாரம் ஏறியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். கத்தி தன் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி மடங்கிக்கொண்டது. நடுவில் அவள் விரல் இருந்தது.

விரலை மடக்குகிற நாரும், உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பும் இரண்டுமே அறுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் முன்னைப் போல மடங்காது, நுனியில் உணர்ச்சி திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். வந்தான், அழுதான், அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்கு வலியிலும் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"கத்தி எங்க?"

ரேடியோ அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். தம்பி வாங்கிப் பிரித்தான். கட்டிலுக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அக்காவின் ரத்தத்தைத் துடைத்தான். ஜன்னல் பக்கம் போய் அலகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மருந்துச் சீட்டின் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தான். காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது.

"கூர்ல ஒரு பொடிகூட உதிரலக்கா! எட்டு மாசம் ஆகியும் பாரேன்!"

அக்கா இடது கையால் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன்மேல் வீசினாள். குறி தப்பி நர்ஸ் மேல் பட்டது. நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டாள், தம்பியை வெளியே போகச் சொன்னாள். கம்பெனிக்கு அனுப்பி என்ன ஏது என்று கேட்கிறேன் என்று முனகிக்கொண்டே அவன் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதோடு பேச்சு நின்றது.

பிறகு வந்த நாட்கள் நரகம். கட்டுப் பிரித்துப் பட்டறைக்கு வந்ததும் அக்கா முதலில் செய்தது ஒரு சீட்டின் மேல் விரலை வைத்து இழுத்ததுதான். ரெக்சினும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மரக்குச்சியால் தடவுவது போல இருந்தது. இடது கை விரலால் பழக ஆரம்பித்தாள். அந்த விரலுக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்தது. சினிமாக் கொட்டகைக்கு அனுப்பின நாற்காலிகளில் ஒன்று திரும்பி வந்தது. உள்ளே ஒரு பின் தூக்கிக்கொண்டு நின்று யாரோ ஒருவரின் உடுப்பைக் கிழித்திருக்கிறது. கொண்டுவந்த ஆள் மரியாதையாகத்தான் சொன்னார். "பரவால்லக்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான்." அந்த 'எல்லாருக்கும்' அவள் நெஞ்சில் போய்க் குத்தியது. அன்று பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்று அழுதாள். அழுததற்காகவும் சேர்த்துத் தம்பியைத் திட்டினாள்.

அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பஸ்ஸில் நடத்துநர். தினமும் நூறு பேர் சண்டையைத் தீர்த்துத் தீர்த்து அவருக்கு எல்லாமே சில்லறைத் தகராறாகத்தான் தெரியும்.

"விடேன். தம்பிதானே. வேணும்னா செஞ்சான்?"

"வேணும்னு செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். என் விரலைப் பாக்காம கத்தியைப் பாத்தான் பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியல."

"அவனுக்குப் பிரியம் இருக்கும்மா."

"இருக்கு. ஸ்டீல் மேல."

வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவருக்கு எங்கே இறங்கிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

இப்படிப் புகைந்துகொண்டிருந்தபோதுதான் ஒருநாள் முற்பகல் ஆம்புலன்ஸ் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. அடிபட்டவர் யாரும் இல்லை. ஸ்ட்ரெச்சர் மெத்தை கிழிந்திருந்தது, அதை மாற்ற வேண்டும். வண்டியில் நோயாளியோடு கூட வருகிற பெண் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், மெத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஓரத்தில் தொங்கின நூலை அறுக்கத் தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து ஒற்றைக் கையால் விரித்தாள்.

அக்கா கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே வைத்தாள். அதே கத்தி. அதே மெல்லிய தகடு.

"இதை எங்கம்மா வாங்கினீங்க?"

"கடைத்தெருவுலங்க. போன வாரம்தான். சீட் பெல்ட் அறுக்கறதுக்கு வேணும்னு கேட்டேன். இதான் ஸ்டீலுன்னார்."

"அவர் சொன்னதும் வாங்கிட்டீங்களா?"

"இல்லக்கா, காமிச்சார்ல. அவரோட அக்கா ஏதோ குஷன் பட்டறை வெச்சிருக்காங்களாம். அவங்க எட்டு மாசம் போட்டு அறுத்த கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கார். ஒரு தடவைகூடத் தீட்டலையாம். அதை எடுத்துப் பேப்பரை அறுத்துக் காமிச்சார். அசந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சுற்றிலும் கிடந்த ஸ்பாஞ்சையும் ரெக்சினையும் பார்த்தாள். பிறகு அக்காவின் வலது கையைப் பார்த்தாள். தழும்பு ஓடின, நீட்டி நின்ற விரலைப் பார்த்தாள்.

"ஐயோ. நீங்கதானா அது?"

ரேடியோ மெஷினை நிறுத்தினார். அவர் நிறுத்தாவிட்டாலும் அது நின்றிருக்கும்.

அக்காவின் ரத்தத்தைத் துடைத்து, அந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அவள் பேரைச் சொல்லி வியாபாரம் நடக்கிறது. கம்பெனிக்கு அனுப்புகிறேன் என்றவன் கடை வாசலில் வைத்துவிட்டான். வாங்கினவள் ஓடுகிற வண்டியில், கவிழ்ந்த காருக்குள் கையை விட்டு, அடிபட்டவரின் மார்பில் இறுகின பெல்ட்டை அறுக்கப் போகிறவள். அவள் விரல் போனால் அந்த நேரத்தில் அவள் விரல் மட்டுமா போகும்? அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. தன் விரல் போனது போனதுதான். தன் பேரைச் சொல்லி இன்னொருத்தி விரல் போகக் கூடாது. இன்றைக்கு அந்தக் கத்தி கடையை விட்டு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பி என்று ஒருத்தன் இல்லை.

"வண்டியை எடுங்கம்மா. கடைத்தெருவுக்குப் போகணும்."

ரேடியோ பின்னாலேயே வாசல் வரை வந்தார். "அக்கா, வாயோட நிறுத்திக்கோ. கையை நீட்டிடாதே."

"எந்தக் கையை நீட்டறது? அதைத்தான் அவன் வாங்கிக்கிட்டானே!"

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் ஏறினார். சைரன் போடட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம், என் வாயே போதும் என்றாள் அக்கா.

கடைத்தெருச் சந்துக்குள் வண்டி நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு இரண்டு பெண்களும் நடந்தார்கள். தம்பி கடை முன் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தம்பி மேஜைக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான், இவர்களைக் கவனிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே ஒரு அட்டை: 'குஷன் பட்டறையில் எட்டு மாதம். ஒரு முறைகூடத் தீட்டவில்லை.' கத்தி அவன் கையில் இருந்தது. அவளுடைய கத்தி. கைப்பிடியில் அவள் பட்டறைப் பசையின் மஞ்சள் கறைகூட அப்படியே இருந்தது. அதையும் துடைக்காமல் வைத்திருந்தான், பார்ப்பவர்கள் நம்ப வேண்டும் என்று.

அக்கா கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் தம்பியின் கைக்குப் போயிற்று.

அவன் காகிதத்தை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். கத்தி பிடிக்கிற யாரும் விரல்களைக் கைப்பிடிக்கு அடியில் சுற்றித்தான் பிடிப்பார்கள். அவன் அப்படிப் பிடிக்கவில்லை. கட்டை விரலும் நடுவிரலும் கைப்பிடியின் இரண்டு பக்கத்தைக் கிள்ளிப் பிடித்திருந்தன. மற்ற விரல்கள் விறைத்துக்கொண்டு வெளியே நின்றன. சூடான டம்ளரைத் தூக்குகிறவன் மாதிரி. கத்தி மடங்கினால் விழுகிற பாதையில் அவன் விரல் ஒன்றுகூட இல்லை. அடுத்த காகிதத்தை எடுத்தான். மறுபடியும் அதே பிடி.

முப்பது வருஷம் பட்டறையில் கத்தி பிடிக்கிற கைகளைப் பார்த்தவள் அவள். அது தற்செயலான பிடி இல்லை.

"எப்பலேர்ந்துடா இப்படிப் புடிக்கறே?"

தம்பி நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அக்கா! வாக்கா. என்ன, எப்படிப் புடிக்கறேன்?"

"உன் கையைப் பாரு."

அவன் தன் கையைக் குனிந்து பார்த்தான். அவசரமாக விரல்களை மடக்கி ஒழுங்காகப் பிடிக்கப் போனான். அடியில் விரல் போகிற கணத்தில் கை தயங்கியது. போகவில்லை. கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டான்.

"எனக்கு அடிபட்டதுக்கு அப்புறம் பயந்துபோய்ப் புடிச்சியா, இல்ல அதுக்கு முன்னாடியேவா?"

"அக்கா, ஆளுங்க நிக்கறாங்க. உள்ள வா, பேசலாம்."

"ஆளுங்க நிக்கட்டும். அவங்ககிட்டதானே என் கதையை வித்துக்கிட்டிருக்கே. மீதிக் கதையையும் கேக்கட்டும். சொல்லு. முன்னாடியா, பின்னாடியா?"

தம்பி எச்சில் விழுங்கினான். சின்ன வயதில் பொய் சொல்வதற்கு முன்னால் அவன் தொண்டை அப்படித்தான் ஏறி இறங்கும். ஆனால் இந்தத் தடவை பொய் வரவில்லை.

"தோட்ட வேலைக்காரர் ஒருத்தர் திருப்பிக் கொண்டாந்தார். மண்ணு அடைச்சு மடங்கிடுச்சுன்னார். கையில கட்டுப் போட்டிருந்தார்."

"எப்போ?"

"உனக்கு... அதுக்கு முந்தின மாசம்."

"நீ என்ன பண்ணினே?"

"வேற ஒண்ணு மாத்திக் குடுத்தேன்."

"வேற ஒண்ணுன்னா?"

அவன் மேஜையில் கிடந்த காகிதத் துண்டுகளை ஒதுக்கினான். கூட்டத்திலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அதே மாதிரிக் கத்தியாங்க?"

"புதுசுதான் குடுத்தேன்" என்றான் தம்பி.

அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கத்தியைப் பார்த்தவன் என்றுதான் இத்தனை நாள் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு சின்னக் கோபம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"முந்தின மாசமே தெரியும். நீ விரலைத் தள்ளி வெச்சுக்கிட்டே. எங்கிட்ட ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை. 'அக்கா, உள்ள ஊதிடு.' அவ்வளவுதானே! ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில முத்து உதிர்ந்திடுமா?"

"நீதான் எல்லார்கிட்டயும் காமிச்சுக்கிட்டிருந்தே. நீ சொல்லித்தான் ஜனம் வந்து கேக்குது. உங்கிட்டப் போய்க் குறை சொன்னா நீ சும்மா இருப்பியா? ஊரெல்லாம் சொல்லிடுவே. சீட்டுத்தானே அறுக்கறே, மண்ணா அடைக்கப் போகுதுன்னு நெனச்சேன். இவ்வளவு நல்ல ஸ்டீலுக்கா. ஒரு தகடுக்காக இதைப் போய் வேண்டாம்னு சொல்றதான்னு..."

"ஒரு தகடு!"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கடைப் பாத்திரக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"கத்தி வாங்க வர்றவங்க ஸ்டீலை மட்டும் வாங்கறதில்லடா. கையில புடிக்கறது ஸ்டீலை இல்ல. நம்பிப் புடிக்கறது அந்தத் தகட்டை. அதைச் சொல்லாம ஸ்டீலு ஸ்டீலுன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு, உன் விரலை மட்டும் பத்திரமா வெச்சுக்கிட்டே! உன்னைக் குளிப்பாட்டின கைடா இது!"

அவள் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மடங்காத விரல் நீட்டிக்கொண்டு நின்றது. தம்பி அதைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் பெண் அதுவரை ஓரமாக நின்றிருந்தாள். இப்போது தன் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்தா. இவங்களுக்கு" என்று அக்கா அவளைக் கை காட்டினாள். "இவங்களுக்குச் சொல்லிக் குடு. நீ எப்படிப் புடிக்கறேன்னு. அதைச் சொல்லாமதானே வித்தே. இப்பச் சொல்லு, நான் கேக்கறேன்."

தம்பி மன்றாடுகிற மாதிரி பார்த்தான். அக்காவின் முகத்தில் கெஞ்சலுக்கு இடமில்லை. அவன் கத்தியை எடுத்து விரித்தான். தாழ்ந்த குரலில் சொன்னான்.

"இங்க... இங்க விரலை வெக்காதீங்க. பக்கவாட்டுல புடிச்சுக்கோங்க. அழுத்தி நெம்பாதீங்க."

"கவுந்த வண்டிக்குள்ள தலைகீழாத் தொங்கிக்கிட்டுப் பெல்ட்டை அறுக்கும்போது?" என்று கேட்டாள் அந்தப் பெண். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தம்பி கத்தியை மடக்கி மேஜைமேல் வைத்தான். அவளே மறுபடி கேட்டாள்.

"அங்க விரலே வெக்கக் கூடாதுன்னா, இதுக்கு எதுக்குங்க கைப்பிடி?"

கூட்டத்தில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். வாங்கலாம் என்று கையில் வைத்திருந்த ஒருவர் கத்தியை ஓசைப்படாமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நழுவினார். இன்னொருவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, விரித்து, தகடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் இடது கையிலும் வழுக்கைத் திட்டு இருந்தது. பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"மேலருந்து எல்லாத்தையும் இறக்கு" என்றாள் அக்கா. "இந்த மாதிரி எத்தனை இருக்கோ அத்தனையும். வித்தவங்களை வரச்சொல்லித் திருப்பி வாங்கு. தோட்டக்காரர் வீட்டுக்கு நீயே போ."

தம்பி ஏணியைப் போட்டான். ஒவ்வொரு பெட்டியாக இறக்கினான். யாரும் உதவிக்குப் போகவில்லை. அக்கா நின்ற இடத்தை விட்டு அசையாமல் கடைசிப் பெட்டி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கி வந்து எதிரில் நின்றான். வியர்த்திருந்தது. அழுதானா என்று தெரியவில்லை, அழுதாலும் எனக்கு அவன்மேல் இரக்கம் இல்லை.

"தப்புத்தான்கா" என்றான். சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியாது அவனுக்கு. பெட்டிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் சொன்னான்: "ஆனா ஸ்டீல் மட்டும் நெஜமாவே நல்ல ஸ்டீல்கா."

அக்கா அவனைப் பார்த்தாள். கத்தவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். கத்தினாள். சந்து முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக்கூடக் கேட்டது.

"தெரியும்டா! நல்ல ஸ்டீல்தான்! அதனாலதான் எலும்பு வரைக்கும் போச்சு! மட்டமான ஸ்டீலா இருந்திருந்தா தோலோட நின்னிருக்கும்!"